இலை வரிசை அறிந்தவள்

ஒருத்தியின் மூளையைக் கத்திக்குக் கொடுத்தவன் நான். கத்தி பிடித்தவர் டாக்டர். கையெழுத்துப் போட்டவன் அவள் அண்ணன். ஆனாலும் நான்தான்!

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தைய ஆண்டு. இயல்பிலிருந்து மாறுபட்ட மனங்களை ஆராய, கப்பலிலிருந்து புதிதாக இறங்கிய ஒரு துரை மலாக்காவுக்கு வந்தார். காஜா பேராங் பகுதியில் தலைமுறைகளாக வாழும் மலாக்காச் செட்டிகளிடம் மொழிபெயர்க்க முடியுமா என்று ஆஸ்பத்திரியில் கிராணியாக, குமாஸ்தாவாக, இருந்த என்னைக் கேட்டார்.

"அவர்கள் என் ஆட்கள்தான்" என்றேன். கோயில் நம் கோயில், சாமி நம் சாமி. ஆனால் வீட்டில் அவர்கள் பேசுவது மலாய். ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். துரைக்குத் தெரியாது... நான் சொல்லவில்லை. சொன்னால் மலாய்க் கிராணியை அழைத்துக்கொள்வார். துரையோடு காரில் போகும் பெருமையை எப்படி விடுவது?

அவர்கள் குடியிருப்பான கம்போங் செட்டியில் தெய்வானை என்றொருத்தி; முப்பது வயதிருக்கும். யார் முகத்தையும் பாராள். ஒரு விளக்கை இடம் மாற்றினால் தெருவே அதிரக் கத்துவாள். ஆனால் போகியன்று முன்னோர்க்குப் படைக்கும் இலைகளில் எது யாருக்கு, அவருக்குப் பிடித்த பதார்த்தம் எது என்பதெல்லாம் அவளுக்குத்தான் அத்துப்படி. குடும்பமே அவளைக் கேட்டுத்தான் இலை போடும்.

கேள்விகளைத் தாய்மொழியில் மும்முறை கேட்க வேண்டும் என்பது துரையின் விதி. நான் தமிழில் கேட்டேன். சுத்தத் தமிழில்! அவள் விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் ஆறுமுகம் பதறினான். "தமிழ் தா தாவு, இஞ்சே! தாஞா மெலாயு லா!" இவளுக்குத் தமிழ் தெரியாது ஐயா, மலாயில் கேளுங்கள் என்கிறான்.

"என்ன சொல்கிறான்?" என்றார் துரை.

"தங்கைக்கு ஒன்றும் தெரியாதாம், துரை."

அவ்வளவுதான். 'புரிதல் இல்லை' என்று எழுதிக்கொண்டார். அந்தத் தாளைப் பார்த்துத்தான், மூளை நரம்பை அறுக்கும் புதிய சிகிச்சைக்கு வெளியூர் டாக்டர் அவளைத் தேர்ந்தெடுத்தார். அண்ணனுக்கு அதை விளக்கிக் கையெழுத்து வாங்கியதும் நான்தான்... அப்போது மட்டும் நல்ல மலாயில்!

அப்போதாவது ஏன் வாய் திறக்கவில்லை? பயமா? வெட்கமா? கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். வேலை போயிருக்கும் என்று சொல்லிப் பார்க்கிறேன். போயிருக்காது. துரையிடம் ஒரு திட்டு வாங்கியிருப்பேன்.

அடுத்த போகிக்கு ஆறுமுகம் என்னை அழைத்தான். நன்றி சொல்ல! தங்கை இப்போது கத்துவதே இல்லையாம். உள்ளே பெண்கள் எந்த இலை யாருக்கு என்று தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். தெய்வானை சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து, முதன்முறையாக அவளிடம் மலாயில் கேட்டேன். முதல் இலை யாருக்கு அம்மா?

அவள் என் கண்களை நேராகப் பார்த்தாள். சிரித்தாள்.

"தா தாவு, இஞ்சே." தெரியாதாம்.

படையல் முடிந்ததும் எனக்கும் ஓர் இலை போட்டார்கள். ஆறுமுகம் தன் கையாலேயே பரிமாறினான். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன்...