நிமலினி ரீச்சரின் அவதானிப்புத் தாள்

ஊர்காவற்றுறையில் கணினி படிப்பிக்கும் நிமலினிக்கு நாற்பத்தாறு வயது. தன் மாணவர்களை மாவட்ட றோபோப் போட்டிக்கு அழைத்துப்போகுமுன் அவள் ஓர் ஏற்பாடு செய்தாள். அரையிறுதிக்கு வரும் அணி, தனக்குத் துணையாக இன்னோர் அணியைத் தெரிவுசெய்ய வேண்டும். அதற்காக ஆறு பிள்ளைகள் மற்ற அணிகளின் ஆட்டங்களைப் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். றோபோ எத்தனை பந்து எடுத்தது, எங்கே சிக்கியது, எப்போது நின்றுபோனது.

"அப்ப நாங்கள் வேவு பாக்கிறம், என்ன ரீச்சர்?" என்று அவர்களில் ஒருத்தியான வினோஜா சிரித்தாள்.

நிமலினி சிரிக்கவில்லை. அவளுக்குப் பத்து வயதாயிருந்தபோது நடந்த இராணுவச் சுற்றிவளைப்பில், ஊர் ஆண்களை வரிசையில் நடத்தினார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்க, தலையைச் சாக்கால் மூடிய ஒருவன் கதிரையில் இருந்தான். அப்பா கடந்துபோகையில் அந்தத் தலை அசைந்தது. அப்பா வீட்டுக்குத் திரும்பவேயில்லை. அவருடைய முகம் மங்கிப்போய்விட்டது. சாக்கில் வெட்டியிருந்த இரண்டு ஓட்டைகள் மங்கவில்லை.

போட்டியன்று பிள்ளைகள் வரிசையாக இருந்து, நிமிர்ந்து பார்ப்பதும் குனிந்து எழுதுவதுமாக இருந்தார்கள். அவள் வேறு பக்கம் திரும்பி நின்றாள். மத்தியானம் தாள்களைச் சேர்த்தபோது, நெடுந்தீவு அணிக்கு நேரே வினோஜாவின் எழுத்து: 'றோபோ நல்லது. ஓட்டுற பிள்ளைக்குக் கை நடுங்குது. எடுக்கக் கூடாது.'

"பொய்யில்லை ரீச்சர், நான் கண்டனான்."

"பொய்யெண்டு நான் சொல்லேல்லை. ஏன் நடுங்குதெண்டு அந்தப் பிள்ளையைக் கேட்டனீரோ?"

"இல்லை."

"வாரும், கேப்பம்."

சயந்தினி என்ற அந்தப் பிள்ளை மண்டபத்தின் பின்படியில் இருந்தாள்.

"கடல் சரியான அடி, ரீச்சர். வள்ளத்திலை சத்தி எடுத்துக்கொண்டே வந்தனான். இன்னும் ஒண்டும் சாப்பிட ஏலாமல் கிடக்கு."

வினோஜா தன் தேத்தண்ணியையும் பணிஸையும் கொடுத்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, தான் எழுதிய கடைசி இரண்டு வரிகளையும் வெட்டினாள்.

நெடுந்தீவையே துணைக்கு எடுத்தார்கள். அரையிறுதியில் தோற்றார்கள். சயந்தினியின் கை அப்போதும் கொஞ்சம் நடுங்கியது.

இப்போது தீவுப்பகுதியில் நான்கு பள்ளிக்கூடங்கள் நிமலினியின் தாளைப் பயன்படுத்துகின்றன. 'ஆட்களைப் பற்றி எழுதக் கூடாது' என்பது அதன் முதல் வரி. பிள்ளைகளைப் பழக்குவதும் தாள்களைச் சேர்த்துக் கணக்கெடுப்பதும் இன்னமும் அவள்தான். ஆனால் ஆட்டம் தொடங்கிப் பிள்ளைகள் பேனையை எடுத்ததும், அவள் எழும்பி வெளியே போய்விடுவாள். ஏனென்று கேட்டால், உள்ளே புழுக்கம் என்பாள்.