வெடிக்குப் பயந்த பிள்ளை

எங்கள் நாரணாபுரத்தில் ஒரு பிள்ளை வெடிச் சத்தத்துக்கு அழுதால் அந்த வீட்டுக்கே கேலி. பட்டாசுக்காரி வயிற்றில் பஞ்சு வியாபாரி பிறந்திருக்கிறான் என்பார்கள். என் மகளே சின்னதில் அப்படித்தான். பட்டாசுக் கம்பெனியில் புதுச் சரக்கைக் கொளுத்திப் பார்க்கும் சத்தம் கேட்டால் போதும், ஓடிவந்து என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அவளே இன்றைக்கு அந்தக் கம்பெனியில் சரவெடி பின்னுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது என்பதால் இதை நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். ‘இதையெல்லாமா எழுதணும்மா?’ என்று இதற்குள் ஒரு தடவை கேட்டுவிட்டாள். எழுது என்றேன்.

அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த என் பேத்தி வெடிக்குக் கண்கூடச் சிமிட்டவில்லை. அவளுக்கு ஒன்றரை வயதாகும்போது ஊர்ப் பொங்கல் வந்தது. கோயில் முன்னால் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். ஊரிலுள்ள கைப்பிள்ளைகள் எல்லாம் வீறிட்டன. இவள் என் இடுப்பில் இருந்தபடி புகையைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில், ரேஷன் கடையில், கம்பெனி வேனில் என்று ஒருத்தரை விடாமல் சொன்னேன். எதிர்வீட்டு மதினி, ஊர்க் கண்ணெல்லாம் பிள்ளை மேலேதான் இருக்கும், சுற்றிப் போடு என்றாள். உப்பும் வரமிளகாயும் சுற்றிப் போட்டேன்.

இரண்டரை வயதாகியும் பிள்ளை ஒரு சொல் பேசவில்லை. என் வீட்டுக்காரர் நாலு வயதில்தான் வாயைத் திறந்தார், பிறகு மூடவே இல்லை. அந்த ரத்தம்தான் என்று நான் இருந்தேன். தெருவில் வேறு மாதிரிப் பேசினார்கள். புத்தி மட்டு என்று ஒருத்தி சொன்னது என் மகள் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அங்கன்வாடி டீச்சர்தான் வீட்டுக்கு வந்து நேராகச் சொன்னது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை திரும்புவதில்லை, விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள், தள்ளிப்போட்டால் பேச்சு வருவது கஷ்டமாகிவிடும் என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “யாரு சொன்னது திரும்பலன்னு? இங்கன பாருங்க டீச்சர்” என்று சொல்லி, தரையில் காலை ஓங்கி மிதித்து, “ஏ தாயி!” என்றேன். பிள்ளை சட்டென்று திரும்பியது. டீச்சர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் சொன்னது தப்பு என்று காட்டத்தான் நான் விருதுநகருக்குக் கிளம்பினேன்.

காது பார்க்கும் அறையில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். என் மகள் மடியில் பேத்தி. அந்தப் பெண் பின்னால் நின்று மணி அடித்தாள், கொட்டு அடித்தாள். பேத்தி கையில் இருந்த பொம்மையையே திருப்பிக்கொண்டிருந்தது. பரீட்சையில் நம் பிள்ளை முழிக்கிறதே என்று, நின்ற இடத்தில் காலை ஒரு மிதி மிதித்தேன். பிள்ளை திரும்பியது. அடுத்த கொட்டுக்கும் மிதித்தேன், அப்போதும் திரும்பியது. என் மகள் முகம் மலர்ந்தது.

அந்தப் பெண் கொட்டைக் கீழே வைத்துவிட்டு என் காலைப் பார்த்தாள். கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, “பாட்டி, இதுல உக்காந்து ரெண்டு காலையும் மேல தூக்கி வச்சுக்கோங்க. இப்பக் கூப்பிடுங்க” என்றாள்.

சம்மணம் போட்டு உட்கார்ந்து, “ஏ தாயி!” என்றேன். பிள்ளை திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கம்பெனியில் நாலு ஷெட்டுக்குக் கேட்கிற தொண்டை என்னுடையது. என் பேத்தி மட்டும் பொம்மையின் சக்கரத்தை உருட்டிக்கொண்டிருந்தது.

அது என் குரலுக்கு ஒருநாளும் திரும்பவில்லை. தரை அதிர்வதற்குத் திரும்பியிருக்கிறது. நான்தான் அப்படிப் பழக்கிவிட்டு, காது கேட்கிறது என்று இருந்திருக்கிறேன். வெடிக்குப் பயப்படாத சூரப்புலி என்று ஊரெல்லாம் சொன்னேனே, அதை நினைத்து அந்த நாற்காலியிலேயே அழுதேன்.

தூங்கும்போது எடுக்கிற டெஸ்ட் ஒன்று இருக்கிறது, தலையில் ஒயர் ஒட்டிப் பார்ப்பது. அதற்கு மறுவாரம் வரச் சொன்னார்கள். பிள்ளையை விடியுமுன் எழுப்பி, வழியில் தூங்க விடாமல் கொண்டுவர வேண்டுமாம். அப்போதுதான் அங்கே நன்றாகத் தூங்கும். பஸ்ஸில் ஏறினால் பத்து நிமிஷத்தில் தூங்குகிற பிள்ளை அது. திருத்தங்கல் தாண்டுமுன்னே கண் சொக்கியது. உள்ளங்காலைக் கூச்சம் காட்டினேன், ஜன்னலில் மாட்டைக் காட்டினேன், பஸ் கம்பியைப் பிடித்து ஆடிக்கூடக் காட்டினேன். கண்டக்டர், “ஆச்சி, அடுத்த ட்ரிப்புக்கும் வருவீகளா? டிக்கெட் வேண்டாம்” என்றார். பிள்ளை சிரித்துச் சிரித்து முழித்தே வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட்டதும் அடித்துப்போட்டது போலத் தூங்கியது.

முடிவு சொல்கிற அன்று ஒரு டாக்டரம்மாவும் பிள்ளையைப் பார்த்தார். கட்டை அடுக்கச் சொன்னார், வட்டத்தையும் சதுரத்தையும் குழியில் போடச் சொன்னார். ஒருதடவை செய்து காட்டியதும் பேத்தி மடமடவென்று போட்டுவிட்டு, இன்னும் கொடு என்று கையை நீட்டியது. “புத்தியெல்லாம் நல்ல கூர்மை. காதுதான் கேக்கல, அதனாலதான் பேச்சு வரல” என்றார். என் மகள் என் கையைப் பிடித்த பிடி இன்னும் வலிக்கிறது.

காது பார்த்த பெண் ஒரு காகிதத்தைக் காட்டினாள். அதில் எழுத்தை விடப் படம்தான் அதிகம். மேலே இலை, குருவி. நடுவில் ஆள் பேசுகிற மாதிரி. அதற்குக் கீழே நாய். அடியில் ஆகாய விமானம். கீழே போகப் போகப் பெரிய சத்தம். இந்தக் கோட்டுக்கு மேலே உள்ளது ஒன்றும் பிள்ளைக்குக் கேட்காது என்று கோடு போட்டுக் காட்டினாள். கோடு விமானத்துக்குப் பக்கத்தில் ஓடியது. ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றை நானே படித்துத் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். “காதுல மெஷின் மாட்டினா இந்தக் கோடு எம்புட்டு மேல ஏறும், தாயி?” என்று கேட்டேன். போகப் போகப் பார்ப்போம், போதாவிட்டால் ஆபரேஷனும் இருக்கிறது, பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் விடாமல் வர வேண்டும் என்றாள்.

மெஷின் ஆஸ்பத்திரியிலேயே கொடுத்தார்கள். இரண்டு காதுக்கும் இரண்டு. முதல் வாரம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தது. அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒன்றை எடுத்தேன். பிறகு பழகிவிட்டது.

ஒருநாள் மத்தியானம் மகள் வேலைக்குப் போயிருந்தாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பேத்தி வாசலில் விளையாடிக்கொண்டிருந்தது. கம்பெனிப் பக்கம் சரக்கைக் கொளுத்திப் பார்த்தார்கள் போல, டம் என்று ஒரு சத்தம். பிள்ளை துள்ளி விழுந்தது. முகம் கோணியது. வீறிட்டு அழுதுகொண்டே ஓடிவந்து என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

நான் சிரிக்கிறேன், சிரிக்கிறேன், நிறுத்த முடியவில்லை. எதிர்வீட்டு மதினி ஓடிவந்து, பிள்ளை அழும்போது சிரிக்கிறாயே, உனக்கு என்ன கிறுக்கா என்று திட்டினாள். பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய், சாத்தூர் சேவு இரண்டு கிலோ வாங்கிவந்து தெருவில் வீடுவீடாகக் கொடுத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

“எம் பேத்தி வெடிக்குப் பயந்துட்டா” என்றேன்.

புத்தி மட்டு என்று சொன்னவள் வீட்டில் ஒரு கை கூடவே அள்ளி வைத்தேன்.

சாயங்காலம் மகள் வந்து, விஷயம் கேட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதாள். மதினி உப்பும் மிளகாயுமாக வந்துவிட்டாள். “அன்னைக்குப் பயப்படலன்னு சுத்திப் போட்டோம். இன்னைக்குப் பயந்ததுக்குச் சுத்திப் போடுவோம், மதினி” என்றாள். சுற்றி அடுப்பில் போட்டாள். உப்பு படபடவென்று பொரிந்தது.

அடுப்புக்கு முதுகைக் காட்டி மகள் தோளில் கிடந்த பேத்தி, தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது.