தலை தெரிகிற உயரம்

தண்ணீர் வழங்கும் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு என்று ஒன்று உண்டு. தண்ணீர் வரவில்லை, வந்தால் நிற்கவில்லை, நின்றதைப் பிடித்து வைத்தால் நாறுகிறது என்று ஊர் மொத்தமும் எழுதிப் போடுகிற கடிதங்களுக்கு ஏழு நாளைக்குள் பதில் அனுப்புகிற இடம். அங்கே பத்தொன்பது வருஷமாகப் பதில் எழுதிக்கொண்டிருந்த பெண்மணியை எல்லாரும் பதிலம்மா என்றே கூப்பிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, அவள் பதில் எழுதினால் அது பதில். மற்றவர்கள் "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவள் பழைய கோப்பை எடுத்துப் பார்ப்பாள், குழாய் ஆய்வாளருக்குப் போன் போட்டுக் குடைவாள், எந்தத் தெருவில் என்றைக்குத் தோண்டுகிறார்கள் என்பது வரை எழுதுவாள். திட்டி எழுதுகிறவர்களை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். "திட்டுறவங்கதான் நம்மள இன்னும் நம்புறாங்க. நம்பிக்கை போனவங்க எதுக்குத் தபால் செலவு பண்ணப் போறாங்க?" என்பாள். அந்த வேலை அவளுக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் மறுநாள் வேலைக்குப் போகவேண்டுமே என்று சந்தோஷப்படுகிற ஜென்மத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆள் குள்ளம். அதை அவளே மறைத்ததில்லை, நாம் ஏன் மறைக்கவேண்டும்? பிரிவில் ஒவ்வொரு மேசையைச் சுற்றியும் பலகைத் தடுப்பு. கோடியில், இரண்டு படி உயரத்தில், ஒரு கண்ணாடி அறை. முன்னொரு காலத்தில் அதில் ஒரு மேலாளர் இருந்தார். பட்டப்பெயர் எட்டிப்பார். காலை பத்தரைக்கும் மதியம் மூன்றுக்கும் எழுந்து நின்று, தடுப்புகளுக்கு மேலே தெரிகிற தலைகளைப் பென்சிலால் எண்ணுவார். தலை தெரியாவிட்டால் ஆள் இருக்கையில் இல்லை என்று குறித்துவிடுவார். எழுந்து நடந்து வந்து பார்க்கிற வழக்கமே மனிதருக்குக் கிடையாது.

ஒருநாள் பதிலம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் மூன்று கடிதம் முடித்திருக்கிறாள், அன்றைக்குப் பார்த்து அரை நாள் விடுப்பு போட்டுவிட்டார்.

"சார், நான் இங்கதான சார் இருந்தேன்?"

"எனக்குத் தெரியலையேம்மா!"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஊருக்கே பதில் சொல்கிறவள் இதற்கு நாற்காலியால் பதில் சொன்னாள். சாயங்காலம் நாற்காலியின் அடியிலிருக்கிற கைப்பிடியைத் தூக்கி, அது எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவுக்கு ஏற்றிவிட்டாள். மறுநாள் தலை தெரிந்தது. அதைப் பார்த்து அடுத்த மேசைக்காரி ஏற்றினாள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவன். போகப் போகப் பிரிவு முழுக்க ஏறிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்குக் கணினியின் கடவுச்சொல்லைச் சொல்வதற்கு முன்னால் "தலை தெரியணும்" என்று சொல்லிக்கொடுத்தார்கள். பக்கத்து மேசையில் கொக்கு என்று ஒரு நெட்டையன். நின்றால் மின்விசிறி இடிக்கும். அவனும் ஏற்றி வைத்துக்கொண்டு முழங்கால் மேசையில் இடிபட உட்கார்ந்திருந்தான். கேட்டால், "எல்லாரும் ஏத்திருக்காங்க, நான் மட்டும் என்ன விசேஷமா?" என்பான். புத்திசாலிகள் கூட்டம்!

எட்டிப்பார் ஓய்வுபெற்றுப் போனார். நாற்காலிகள் மட்டும் இறங்கவில்லை.

பதிலம்மாவுக்குத் தொந்தரவு மெதுவாகத்தான் ஆரம்பித்தது. முதலில் தொடையின் அடிப்பக்கம் மரத்துப் போயிற்று. பிறகு பாதம் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. கை கீழே இருக்கிற விசைப்பலகையை எட்டக் குனிந்து குனிந்து முதுகு, தோள், கழுத்து எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன. வைத்தியர் மாத்திரை எழுதினார், "வயசாகுதில்லம்மா" என்றார். நாற்பத்தேழு ஒரு வயசா? ஆனால் அவள் நம்பிவிட்டாள். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் எழுத்துகள் கண்முன் நீந்த ஆரம்பித்தன. தப்பு வந்தது. ஒன்று, இரண்டு என்று வந்து, கடைசியில் பெரிதாக ஒன்று வந்து விழுந்தது.

குழாய்த் தண்ணீரில் சாக்கடை வாடை அடிக்கிறது என்று எழுதிய ஒரு கடைக்காரருக்கு, "தங்கள் புதிய இணைப்புக்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள்" என்று வேறொருவருக்குப் போகவேண்டிய கடிதத்தை அனுப்பிவிட்டாள். அவர் திருப்பி எழுதினார்: "வாழ்த்துக்கு நன்றி. வாடை இன்னும் அடிக்கிறது."

பிரிவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவளும் சிரித்தாள். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பத்தொன்பது வருஷத்தில் இப்படி ஒரு பதில் அவள் கையிலிருந்து போனதில்லை. அப்பாவிக்குத் தப்புப் பதில் போடுவதைவிட மரியாதையாக வேலையை விட்டுவிடுவது மேல் என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

வீட்டில் சொன்னபோது கணவர் திகைத்துப்போனார். இருபத்துநாலு வருஷமாகப் பஸ் ஓட்டுகிற மனிதர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாது.

"இன்னும் பதினோரு வருஷம் இருக்கேம்மா. வீட்ல இருந்து என்ன பண்ணுவ?"

"தெரியலைங்க. முதுகு கேக்க மாட்டேங்குது, நான் என்ன செய்ய? அரைகுறையா செஞ்சு பேரைக் கெடுத்துக்க மாட்டேன்."

"உனக்கு அந்த வேலை இல்லாம இருக்க முடியாதே."

"முடியாதுதான்," என்றாள்.

வெள்ளிக்கிழமை ராஜினாமாக் கடிதத்தோடு போனாள். புது மேலாளர் வேறு மாடியில் கூட்டத்தில் இருந்தார், நாலு மணிக்குத்தான் வருவார். பத்தொன்பது வருஷத்துச் சாமான்களைத் தூக்கிப் போவதற்காகக் கணவரை மூன்று மணிக்கு வரச்சொல்லியிருந்தாள். மனைவியின் அலுவலகத்துக்குள் மனிதர் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. இரண்டு பைகளோடு வந்து நின்றவர், அவள் தட்டச்சு செய்வதைப் பார்த்தார். பிறகு பைகளைக் கீழே வைத்துவிட்டு, மண்டியிட்டு, மேசைக்கு அடியில் தலையை விட்டார்.

"ஐயய்யோ, என்னங்க இது? எழுந்திரிங்க, மானம் போகுது!"

"உன் கால் ஏன் அந்தரத்துல தொங்குது?"

"தொங்கல. சக்கரத்துக்கு மேல வச்சிருக்கேன்."

"அதத்தான் கேக்குறேன். தரை என்ன பாவம் பண்ணிச்சு? யாரு இவ்ளோ உசரம் ஏத்தினது?"

"நான்தாங்க. பதினஞ்சு வருஷமாச்சு. இங்க எல்லாரும் அப்படித்தான். தலை தெரியணும்ல?"

"யாருக்கு?"

பதிலம்மா கண்ணாடி அறைப் பக்கம் கையைக் காட்டினாள். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. அந்த அறையில் எட்டு வருஷமாக இருப்பது ஒரு நகலெடுக்கும் இயந்திரம். புது மேலாளருக்கும், அவருக்கு முன்னால் இருந்தவருக்கும் அறை வேறு பக்கம். தினமும் அவளே போய் அந்த இயந்திரத்தில் நகல் எடுத்து வருகிறாள்!

தடுப்புக்கு மேலே வரிசையாகத் தெரிந்த தலைகள் எல்லாம் கண்ணாடி அறையைப் பார்த்தன. கொக்குதான் முதலில் வாயைத் திறந்தான். "அக்கா... அப்போ நாம இத்தனை நாளா ஜெராக்ஸ் மிஷினுக்கா தலையக் காட்டிட்டு இருந்தோம்?"

கணவர் சிரிக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது, வாழ்நாளில் நாலைந்து முறை வருகிற கோபம். "வண்டியில ஏறினா நான் முதல்ல சீட்டைத்தான் சரி பண்ணுவேன். ஜனம் கத்தினாலும் சரி, கண்டக்டர் விசில் ஊதினாலும் சரி, கால் பதியாம வண்டிய எடுக்க மாட்டேன். என் பொண்டாட்டி பதினஞ்சு வருஷமா காலைத் தொங்கவிட்டு உக்காந்திருக்கா, எனக்குத் தெரியல பாரு!"

"நீங்க கேக்கலையே," என்றாள்.

"கேட்டிருக்கணும்," என்றார்.

கைப்பிடி இறுகிப்போயிருந்தது. கொக்கு ஒரு பக்கம் பிடிக்க, அவர் ஓங்கி இழுத்தார். நாற்காலி சடக்கென்று அவளோடு சேர்ந்து அடிமட்டத்துக்குப் போய்விட்டது. "அம்மாடி!" என்று அலறினாள். தடுப்புக்கு மேலே அவளைக் காணோம். எல்லாரும் எழுந்து எட்டிப்பார்த்தால், மேசை விளிம்பு மூக்குக்கு நேரே இருக்க, பதிலம்மா உள்ளே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நிதானமாகச் சரி செய்தார். முழங்கை மேசைக்குச் சரிமட்டமாக வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். தோளைத் தொட்டுப் பார்த்து, "தூக்காத, தளர்த்து" என்றார். இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே மூன்று விரல் நுழைகிறதா என்று பார்த்தார். அந்த உயரத்தில் பாதம் தரைக்கு நாலு விரல் மேலே நின்றது. பிரிக்காத காகிதக் கட்டு இரண்டை எடுத்துக் காலடியில் போட்டார். கணினித் திரைக்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்த புத்தகங்களை உருவி, அதைக் கண்ணுக்கு நேராக இறக்கினார். பஸ்ஸை ஓட்டுகிறவர் நாற்காலிக்கு வைத்தியம் பார்ப்பதை நாலைந்து பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்று பார்த்தார்கள்.

பாதம் முழுசாகப் பதிந்தது. பதிலம்மா கால்விரல்களை விரித்து ஒரு முறை அழுத்திப் பார்த்தாள். பிறகு கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வலி குறைந்துவிட்ட சந்தோஷம் இல்லை, அது அவ்வளவு சீக்கிரம் குறையாது. தன்மேலேயே வந்த ஆத்திரம்.

"எட்டு வருஷமா யாருமே பாக்கலைங்க. யாருமே பாக்காத தலையைத் தூக்கி வச்சுக்கிட்டு, வயசாயிடுச்சுன்னு வேலைய விடப் போனேனே!"

"கடிதத்தை இன்னைக்குக் குடுக்காத. பத்து நாள் பாரு. அப்பவும் முடியலைன்னா நானே தூக்கிட்டுப் போறேன், உன்னையும் சேர்த்து," என்று சொல்லிவிட்டு, காலிப் பைகளோடு வண்டி எடுக்கப் போய்விட்டார்.

பத்து நாளில் எல்லாம் மாயமாகச் சரியாகிவிட்டது என்று நான் கதை விடப்போவதில்லை. முதல் மூன்று நாள் முதுகு முன்னைவிட அதிகமாகவே முனகியது. நாலாம் நாள் தொடை மரத்துப்போகவில்லை. ஆறாம் நாள் செருப்பு நுழைந்தது. அரைமணிக்கொரு தரம் எழுந்து நாலடி நடந்துவிட்டு வந்தாள். எட்டாம் நாள் நாலரை மணிக்குக் கடிகாரத்தைப் பார்த்தவளுக்கு ஆச்சரியம். எழுத்துகள் ஒழுங்காக வரிசையில் நின்றன. அன்றைக்கு அனுப்பிய பதினாலு பதிலில் ஒரு தப்பு இல்லை. இரண்டு முறை சரிபார்த்தாள், சந்தோஷம் தாங்கவில்லை.

இதற்குள் பிரிவிலும் ஒருவர் பின் ஒருவராக இறக்கிக்கொண்டார்கள். எப்போதும்போல ஒன்றைப் பார்த்து ஒன்றுதான், இந்தத் தடவை அது நல்லதற்கு. கொக்கு மட்டும் ஒன்றரை நாள் யோசித்தான்.

பத்தாம் நாள் புது மேலாளர் ஒரு கோப்போடு வந்தார். நல்ல பெண்மணி, சின்ன வயசு. வாசலிலேயே நின்றுவிட்டார். தடுப்புக்கு மேலே ஒரு தலை கிடையாது, கொக்கின் உச்சிமுடியைத் தவிர.

"என்ன இது, எல்லாரும் எங்க போயிட்டாங்க?"

"இங்கதான் இருக்கோம் மேடம்," என்று உள்ளேயிருந்து ஏழெட்டுக் குரல் கேட்டது.

மேலாளர் குரலைத் தேடிக்கொண்டு மேசை மேசையாக வந்து பதிலம்மா அருகில் நின்றார். முன்னே என்றால் பதிலம்மா துள்ளி எழுந்திருப்பாள். இன்றைக்கு எழவில்லை. காகிதக் கட்டின் மேல் பாதத்தை வைத்தபடி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க வேலைய விடப்போறதா ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. உண்மையாம்மா?"

"உண்மையாதான் இருந்துச்சு மேடம். இப்ப இல்ல. பதினோரு வருஷம் முழுசா இருந்துட்டுத்தான் போவேன்."

மேலாளர் பெரிதாக மூச்சு விட்டார். "அப்பாடா! ஆனா இப்படி உள்ள போயிட்டா, நீங்க இருக்கீங்களா இல்லையான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"தூரத்துல இருந்து பாத்தா தெரியாது மேடம். பக்கத்துல வாங்க."

மேலாளர் ஒரு நாற்காலியை இழுத்து அருகில் போட்டு உட்கார்ந்து, கையிலிருந்த கோப்பைப் பிரித்தார்.