காலைத் தொடவிடாத நர்ஸம்மா

நர்ஸ் எஸ்தர் அம்மாள் போய்விட்ட செய்தியை அவருடைய மருமகன்தான் ராணிப்பேட்டையிலிருந்து வந்து சொன்னார். கிணற்றடியில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து, மகள் வீட்டில் அவர் படுத்த படுக்கையாக இருந்தது ஆம்பூரில் எல்லோருக்கும் தெரியும்.

"நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாங்க ஐயா. தலவாணிய ஒசத்தி வைன்னாங்க. மார்ல கைய வெச்சாங்க. அவ்ளோதான்."

"கால் வீங்கியிருந்ததா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆமா, ஒரே ஒரு காலு. உங்களுக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீக்கத்தோடு எனக்குப் பழைய பழக்கம்.

நர்ஸம்மா கையால் மருந்து குடித்தவர்கள் நம் ஊரில் பலர். அவரை எனக்குத் தெரியவந்தது 1918-இல், பெரிய யுத்தம் முடிகிற சமயத்தில், விஷ ஜுரம் ஊரை வாரிக்கொண்டு போனபோது. தோல் கிடங்கு ஒன்றைக் காலி செய்து, கட்டில் போட்டு ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். எவ்வளவு சுண்ணாம்பு அடித்தும் தோல் நாற்றம் போகவில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான், இருமி இருமி விலா நோக அங்கே போய் விழுந்தேன். ஜுரத்தில் சாகிறவர்களைப் பார்ப்பது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் ஜுரம் விட்டு, கஞ்சி குடித்து, சிரித்துப் பேசத் தொடங்கிய ஆளும் திடீரென்று போனான். "ஜொரம் அடிக்கிறவனப் பாத்து எனக்கு பயமில்ல. ஜொரம் வுட்டவனப் பாத்தாத்தான் பயம்" என்பார் எஸ்தர் அம்மாள்.

பக்கத்துக் கட்டில் முனுசாமி அப்படித்தான் போனான். ஜுரம் விட்டபின் அவனுடைய ஒரு கால் வீங்கியது. அவன் தம்பி எங்கள் ஷாப்பில் தோலை மிதித்துப் பிழிகிறவன், இரும்புக் கை. நல்லெண்ணெயைச் சூடுபண்ணி வந்து, அண்ணன் காலை ஆசையாக உருவிவிட்டான். "இன்னும் கொஞ்சம் மேல" என்று முனுசாமி சுகமாகக் கண்ணை மூடினான். பிறகு மூச்சுக்கு வாயைத் திறந்தான், முகம் கறுத்தது. தம்பி அதைக் கவனிக்காமல் உருவிக்கொண்டே இருந்தான். நான்தான் கத்தினேன்.

காலில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது, உருவினாலோ எழுந்து நடந்தாலோ அது பிய்த்துக்கொண்டு போய் நுரையீரலை அடைத்துவிடும், அசையாமல் கிடப்பதைத் தவிர இதற்கு மருந்தில்லை என்று அன்று டாக்டர் நர்ஸம்மாவிடம் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்த எனக்கு, கொஞ்ச நாளில் இடது கெண்டைக்கால் விண்ணென்று தெறித்தது. தூணாக வீங்கிவிட்டது. வீட்டிலிருந்து அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவள்.

"கால் கல்லாட்டம் கீது. நான் புடிச்சி வுடாம வேற யாரு புடிப்பா?"

"தலையப் புடிச்சி வுடு. கால வுட்டுடு" என்றார் எஸ்தர் அம்மாள்.

"நீ இன்னா அவனப் பெத்தவளா?"

"எவ்ளோ வேணா திட்டிக்கோம்மா. கால் பக்கம் வராத."

சொன்னதோடு நிற்கவில்லை. தன் முக்காலியை என் கால்மாட்டில் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். வேலை இல்லாத நேரமெல்லாம் அங்கேதான் இருந்தார். அக்கா அவர் வம்சத்தையே சபித்துவிட்டுப் போனாள். நான் இருமல் வந்தால்கூடப் பயந்து அடக்கினேன். காலுக்குள் ஒன்று படுத்திருக்கிறது, அது நகர்ந்தால் நான் இல்லை என்ற நினைப்பிலேயே வாரக்கணக்கில் கிடந்தேன். அது நகரவில்லை.

அடக்கத்துக்குப் போனபோது அவர் மகள் சொன்னாள்: "ரொம்ப வலி மாமா. கொஞ்சம் உருவி வுடட்டுமான்னு கெஞ்சினேன். தொடவே வுடல. 'எனக்கு வர்றது வரட்டும், ஆனா உன் கையால போச்சின்னு நீ நெனைக்கக் கூடாது'ன்னாங்க."

எனக்கு முனுசாமியின் தம்பி ஞாபகம் வந்தது. அதன்பின் அவன் யாரையும் தொட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளையைக்கூடத் தூக்கமாட்டான். என் உயிருக்காகத்தான் அம்மாள் கால்மாட்டில் காவல் இருந்தார் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அக்காவுக்காகவும் இருந்திருக்கிறார்.

எஸ்தர் அம்மாள் எனக்கு விட்டுப்போனது இன்றும் தடித்துக் கனக்கும் இந்த இடது காலும், என் அக்காவும். அம்மாள் போன செய்தியை நான் சொன்னபோது, "என்ன கிட்ட வுடாதவதான?" என்று அக்கா முணுமுணுத்தாள். பிறகு சோற்றைப் பிசைந்து, உருண்டை பிடித்து, என் கையில் வைத்தாள்.