டாக்டர் வந்தால் எழுபவர்

திருப்பதி ஆஸ்பத்திரியில் என் அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் புத்தலப்பட்டு என்ற ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். கூலிக்காரர்; இடுப்பெலும்பில் ஆபரேஷன். துணைக்கிருந்த மகன் நாயுடுபேட்டை கம்பெனிக்குத் திரும்பிவிட்டான். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் இவர் கட்டிலைவிட்டு இறங்கி நிற்கப் பார்ப்பார். முந்தின நாள் அப்படித்தான் விழுந்து, நெற்றியில் தையல்.

“இன்னொரு தபா விழுந்தா நடக்கவே முடியாதாம், பெரியவரே. படுத்துக்கினே கும்புடுங்க” என்றேன்.

“பெரிய மனுசன் எதிர்ல காலை நீட்டிக்கினு கெடக்கறதா? நல்லா சொன்ன சார்!”

டாக்டர் உள்ளே வந்தார். பெரியவர் எழ முயல, அவருடைய தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் கேஸ் ஷீட்டை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

“பாத்தியா சார், கோவத்துல மொகத்தைக்கூட பாக்காம பூட்டாரு” என்றார் பெரியவர்.

அன்று மாலை அண்ணனுக்கு டிஸ்சார்ஜ். மறுநாள் ரவுண்ட்ஸில் பெரியவரை யார் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை.