பிளாஷ் எட்டாத பின்வரிசை

வீட்டுக்குள் எடுக்கிற படத்துக்கு வெளிச்சம் மேலாலே வரவேண்டும் என்று எனக்கு முதன்முதல் சொன்னவர் என்னுடைய மனுசன். எங்கள் மூத்தவன் மாதா கோயிலில் முதல்நன்மை எடுத்த வருசம் அது. "இஞ்சரும், சூரியனைக் கடவுள் எங்கை வைச்சிருக்கிறார்? மேலைதானே. நீரும் அப்பிடியே செய்யும்" என்றார். அவருக்குத் திருகோணமலை டவுனில் சின்னதாய் ஒரு ஸ்டூடியோ. படம் கழுவுகிற மருந்து மணத்தில் அவருக்கு இழுப்பு வந்து, வெளியில் நடந்து திரிய ஏலாமல் போனபிறகு, வீடு வீடாய்ப் போய்ப் படம் எடுக்கிற வேலை என்னில் விழுந்தது. ஆண்களுக்கு முன்னால் வந்து நிற்காத பெண்கள் இருக்கிற வீடுகளிலும் எனக்குக் கதவு திறந்தது. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு அது பெரிய காரியம்தான். ஆனால் இந்தத் தொழிலில், படத்துக்கு ஆறுதலாய், மெல்ல நடந்து வருகிறவர்கள் குற்றம் சொல்ல ஓடி வருவார்கள்.

என் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் இப்போது சவூதியில் இருந்து கமெரா அனுப்புகிறார்கள். தாய்மார் பூசை முடியக் கோயில் வாசலில் என்னை மறித்து, "அக்கா, பிளாஷ் தனிய வாங்கவேணுமாம், எதை வாங்கட்டும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கும், என்னைப்போல இதில் அடிபட்ட உங்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். பிழையான பிளாஷைத் தெரிந்தெடுத்து ஒரு பெண்ணின் முகத்தைத் தொலைத்தவள் நான். அதை முதலே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றக் கதைகளுக்குச் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

ஒரு படத்துக்கு ஒரு பல்பு

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன காலத்தில், அவர்களிடம் வேலை செய்த ஒருவரிடம் என் மனுசன் வாங்கியது எங்கள் முதல் பிளாஷ். பளபளத்த ஒரு தட்டு, நடுவில் பல்பு. ஒரு படத்துக்கு ஒரு பல்பு, எரிந்தால் எறியவேண்டியதுதான். சூட்டில் விரல் பொங்கும். ஆனால் அதற்கு நீளமான வயர் இருந்தது. இடக்கையால் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பேன். கடைசியில் நிற்கிற பிள்ளையின் தலைப்பின்னல்கூடப் படத்தில் விழும். பிறகு வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம் வந்தது. பல்பும் இல்லை.

எஞ்சியிருந்த இரண்டே பல்போடு ஒருநாள், ஆட்களையும் பஸ்சையும் அக்கரைக்கு ஏற்றுகிற பாதைப் படகில் ஏறிக் கிண்ணியாவுக்குப் போனேன். முதலாவது பற்றவில்லை. இரண்டாவது பற்றின நேரம், பேரப்பிள்ளைகளுக்கு நடுவில் இருந்த வீட்டுப் பெரியவர் கண்ணை மூடிவிட்டார். கழுவின படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நல்லாய் ஏச்சு விழும் என்று நினைத்தேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். "என்ன புள்ள, நான் மவுத்தாக முன்னமே அந்தப் படத்தையும் எடுத்து வெச்சிட்டியே" என்றார்.

பெண்களுக்கென்றே செய்தது

பல்பு இல்லாமல் பற்றரியில் வேலை செய்கிற பிளாஷ் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, கப்பல்காரரிடம் சாமான் வாங்கி விற்கிற ஒருவரிடம் போனேன். மேசையில் இரண்டு வைத்தார். ஒன்று கைபிடி போட்டது, சுருள் வயரோடு. அதன் பற்றரிப் பெட்டியைத் தோளில் கொழுவவேண்டும், கல்லுப் பாரம். மற்றது சவர்க்காரக் கட்டி அளவு. கமெராவின் தலையில் அப்படியே செருகிவிடலாம். இவர் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினது கைபிடி போட்டதை. "பாரத்தைப் பாக்காதையும். கையை உயத்திப் பிடிக்க ஏலுமோ எண்டு மட்டும் பாரும்."

நான் பாரத்தைத்தான் பார்த்தேன். பஸ்சும் பாதையும் ஏறி இறங்குகிற உடம்பு. அதைவிட, தோளில் பெட்டியோடு போனால் சந்தியில் நிற்கிறவர்கள் "கரண்ட் வேலைக்கு ஆள் வருது" என்று பகிடி பண்ணுவார்களே என்ற வெட்கம். விற்கிறவர் என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். சின்னதை எடுத்து என் கையில் வைத்து, "இது பொம்பிளையளுக்கெண்டே செய்தது, தங்கச்சி" என்றார்.

கண்ணாடிக்குள் இருந்தவர்

கிளிவெட்டியில் கணவரை இழந்த ஒரு தாய், நாலு பிள்ளைகளோடும் ஒரு படம் கேட்டா. சுவரில் மாலை போட்டிருந்த அவரின் படத்துக்குக் கீழே எல்லாரும் இருக்க, அவரும் சேர்ந்து விழவேண்டும். கமெராவின் தலையில் குந்தியிருந்த என் சின்னப் பிளாஷ் நேரே போய் அந்தக் கண்ணாடியில் அடித்துத் திரும்பி வந்தது. கழுவிப் பார்த்தால் மாலை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, அவரின் முகம் இருந்த இடத்தில் வெள்ளை ஓட்டை. பிளாஷைக் கழற்றிப் பக்கத்தால் பிடித்திருந்தால் அவர் தப்பியிருப்பார். கழற்றிப் பிடிக்க வயர் எங்கே?

மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்க முதலே அவ சொன்னா: "விடுங்கோ. இருந்த காலத்திலையும் இந்த மனுசன் எங்களோடை ஒரு படத்துக்கு நிண்டதில்லை."

முக்காடு போட்ட பிளாஷ்

பாலையூற்றில் ஒரு வீட்டம்மா தன் படத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கே சண்டைக்கு வந்தா. பிளாஷ் முகத்தில் அடித்து மினுங்கி, அவவை அவித்த முட்டை மாதிரிக் காட்டியிருந்தது. வெளிச்சத்தை முகட்டில் அடித்துத் திருப்பினால் முகம் மெத்தென்று விழும் என்று ஒரு பத்திரிகையில் வாசித்திருந்தேன். என்னுடைய பிளாஷ் தலை திருப்பாது. திருப்பினாலும் எங்கள் வீடுகளில் முகடு என்றால் கூரை ஓடும் புகைக்கரியும்தான். வெளிச்சத்தைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும்.

அதனால் பூசைக்குப் போகையில் தலைக்குப் போடுகிற வெள்ளை வலை முக்காட்டை மடித்துப் பிளாஷில் கட்டினேன். மினுக்கம் போய்விட்டது. முன்னுக்கு இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். வெளிச்சத்தில் பாதி குறைந்துபோனதை நான் யோசிக்கவில்லை. பக்கத்துத் தெரு ஸ்டூடியோக்காரர் ஒருநாள் அதைக் கண்டுவிட்டு, "என்ன அக்கா, உங்கடை பிளாஷும் பூசைக்குப் போகுதோ?" என்று கேட்டார்.

பாலையூற்று வீட்டுப் படம்

அதே வீட்டம்மாவின் இளைய மகன் வெளிநாடு போக முதல் குடும்பமாய் ஒரு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். நடுவில் கதிரையில் அவ, இரண்டு பக்கமும் பெண்மக்கள், பின்னால் ஆண்கள். நான் முக்காட்டைப் பிளாஷில் கட்டி, எல்லாரையும் அடுக்கி முடிய, மூத்த மருமகள் ஞானம் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி குசினியிலிருந்து ஓடிவந்தா. விடிந்ததிலிருந்து அத்தனை பேருக்கும் சமைத்தவ. நிற்க இடமில்லை. நெட்டையான மைத்துனருக்குப் பின்னால், கதவுத் திரையடியில் போய் நின்றா. மைத்துனருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் ஏற்றி விட்டிருந்த தன் சின்ன மகளின் தோளில் கையை நீட்டி வைத்தா.

கமெராவுக்குள்ளால் பார்க்க அவவின் முகம் பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியிலும் மைத்துனரின் நிழல் விழும் என்று எனக்குத் தெரியாமலா? கைபிடிப் பிளாஷ் என்றால் உயர்த்திப் பிடித்து நிழலைக் கீழே தள்ளியிருப்பேன். "ஞானம், கொஞ்சம் முன்னுக்கு வாங்கோ" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. வீட்டம்மா முந்திவிட்டா. "பட்டனை அமத்தும் பிள்ளை. அவள் எங்கை நிண்டாலும் ஒண்டுதான்."

நான் அமத்தினேன்.

பெருப்பிக்க வந்தவர்

அந்தப் படம் எடுத்து ஏழு மாதத்தில், பிள்ளைப்பேற்றில் ஞானம் செத்துப்போனா. முப்பத்தோராம் நாளுக்கு முகத்தைப் பெருப்பித்துத் தரச் சொல்லி அவவின் கணவர் அந்தப் படத்தோடு வந்தார். கலியாணப் படம் கூரை ஒழுக்கில் ஊறிப் போய்விட்டதாம். அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போவோம் போவோம் என்று சொல்லிக்கொண்டிருந்து போகவே இல்லையாம். வேறு ஒரு படமும் இல்லை.

என் மனுசன் இழுக்கிற மூச்சோடு இருட்டறைக்குள் போய் ஐந்து தரம் அச்செடுத்துப் பார்த்தார். முன்வரிசை வடிவாய் வந்தது. வீட்டம்மாவின் தோட்டுக் கல்லை எண்ணலாம். ஞானத்தின் முகம் இருந்த இடம் நெகடிவ்வில் வெறும் கண்ணாடி. இவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "இதிலை ஒண்டும் விழேல்லை" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். அன்றைக்கு ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். முதல் மணியைத் தாண்டிச் சொல்ல ஏலவில்லை. அந்த வலை முக்காட்டை அதற்குப்பிறகு நான் தலையில் போட்டதும் இல்லை.

விசயத்தைச் சொன்னபோது ஞானத்தின் கணவர் படத்தை வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். மகளின் தோளில் நாலு விரலும் ஒரு மெல்லிய காப்பும் தெளிவாய் விழுந்திருந்தன. "அக்கா, அப்ப அந்தக் கையை மட்டும் பெருப்பிச்சுத் தாங்கோ" என்றார்.

ஆகையால், வாங்குவதென்றால் நீளமான வயரோடு, கையில் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கக்கூடிய பிளாஷை வாங்குங்கோ, பாரமாய்த்தான் இருக்கும். முன்னுக்குக் கதிரையில் இருக்கிறவர்கள் எந்த வெளிச்சத்திலும் விழுந்துவிடுவார்கள், பிளாஷுக்குக் காசு கொடுப்பது பின்னுக்கு நிற்கிறவர்களுக்காகத்தான் என்று படிக்க எனக்கு இத்தனை வருசம் எடுத்தது. வாங்கினபிறகு எனக்காக ஒன்று செய்யுங்கோ: அமத்த முதல், குசினிக்குள் ஆரும் நிற்கினமோ என்று ஒருக்காக் கூப்பிட்டுப் பாருங்கோ.