தனேஸ்வரியின் முன்சீட்டு

கம்போங் குவாந்தான் சந்திப்பு வந்ததும் தனேஸ்வரி காரின் வேகத்தைக் குறைத்து, பஸ் நிறுத்தத்தில் எத்தனை தலை என்று எண்ணுவாள். இரண்டு இருந்தால் கார் நிற்கும். ஒன்றே ஒன்று என்றால், அது ஆணோ பெண்ணோ, மழையோ வெயிலோ, கண்ணாடியை இறக்கி, "பஸ்ஸு பின்னாலயே வருது லா, பாத்துட்டுத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஏறுகிறவர்களுக்கும் பின்சீட்டுதான். முன்சீட்டில் அவளுடைய மஞ்சள் பாதுகாப்புத் தொப்பி மகாராணி மாதிரி வீற்றிருக்கும்.

ஊர் வாயில் கிலாங்கு என்கிற செம்பனை எண்ணெய் ஆலையில் அவள் ஷிப்ட் மேற்பார்வையாளர். நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, கொதிகலன் இரைச்சலையும் தாண்டி வருகிற குரல். அறுபது பேரில் யாருக்குப் பகல், யாருக்கு இரவு என்று அட்டவணை போடுவது அவள்தான். அவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவன் சாயங்காலம் எந்தப் பெண்ணைக் காரில் ஏற்றிக்கொண்டு போனானோ, அவளுக்கு மறுவாரம் பகல் வேலை. மாட்டேன் என்றவர்கள் மாதக்கணக்கில் இரவிலேயே கிடந்தார்கள். தனேஸ்வரியும் அப்படிக் கிடந்தவள்தான். "வேல முடிஞ்சா நான் வேற ஆளும்பான். எஸ்டேட்டுல ஏது வேற ஆளு? கோயில்லயும் அதே மூஞ்சி, கடையிலயும் அதே மூஞ்சி" என்பாள்.

ஆகவே கல்யாண வீடுகளுக்குப் போவாள், வயிறாரச் சாப்பிடுவாள், பீர் பெட்டி உடைபடுவதற்குள் செருப்பைத் தேடுவாள். "ஒரு டான்ஸு ஆடிட்டுப் போங்கக்கா" என்று யாராவது இழுத்தால், "நாளைக்கு உனக்கு லீவு இல்லன்னு சொல்ல எனக்கு மூஞ்சி வேணும்டி" என்பாள். இதற்கு ஊரில் திமிர் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

தீபாவளி இரவு வேலைக்குச் சீட்டுக் குலுக்குவதும் கேன்டீனில், எல்லோர் கண்ணெதிரிலும், அதே மஞ்சள் தொப்பியில்தான். அந்த வருடம் வந்த பெயர் தங்கராஜு. லோரிகளை எடை போடுகிறவன், மனைவியை இழந்தவன், ஷிப்ட் மாற்றச் சொல்லி ஒருநாளும் வந்து நிற்காதவன். முந்தைய வருடமும் அவன் பெயர்தான் வந்திருந்தது. ஆடியில் ஒருமுறை, "என்னக் கட்டிக்கிறீங்களா மேடம்?" என்று கேட்டு, "இது கிலாங்கு, வேலையப் பாருங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, அப்புறம் வாயே திறக்காதவனும் அவன்தான். சீட்டைப் பிரித்ததும் தனேஸ்வரியின் விரல்கள் அதைத் திரும்ப மடிக்கப் பார்த்தன. ஒரு கணந்தான்; பெயரை உரக்கப் படித்துவிட்டாள். ஆனால் பயந்துபோனாள். அந்தப் பழைய ஆளும் இப்படித்தானே தொடங்கியிருப்பான்?

விரல்கள் காட்டிக்கொடுத்த ஆசையை மறைக்க மனமில்லாமல், தீபாவளி கழிந்த திங்கட்கிழமை தங்கராஜுவிடம் சம்மதம் சொன்னாள். மேலே இருப்பவருக்கும் கீழே வேலை செய்பவருக்கும் உறவு ஏற்பட்டால் நிர்வாகத்துக்கு எழுதி அறிவிக்க ஒரு பாரம், அதாவது படிவம், உண்டு. நான்கு வருடமாக ஒருவரும் தொடாத அந்தப் பாரத்தை அன்றே நிரப்பி மேலாளர் ராஃபேலின் மேசையில் வைத்தாள்.

"யாருக்குத் தெரியும் மிஸ் தனேஸ்? கமுக்கமா இருங்க லா" என்றார் ராஃபேல்.

"ரோஸ்டர் போடுற எனக்குத் தெரியுமே சார்."

"அப்ப அவர மாத்திடுறேன். பத்தாங் காலி பக்கம் ஆள் கேக்குறாங்க."

"அவரு என்னா செஞ்சாரு? சீட்ட மடிக்கப் பாத்தது என் கை. நான்தான் எந்திரிக்கணும்."

பதினொரு வருடம் பாடுபட்டுப் பிடித்த நாற்காலி அது. உதிரிப்பாகக் கிடங்கில், தனக்குக் கீழே ஒரு ஆள்கூட இல்லாத வேலையைக் கேட்டு எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய் முகம் வீங்க அழுதாள், அதை மறைப்பானேன்? அழுதுவிட்டு மறுநாளும் ஆறு மணிக்கே ஆலையில் நின்றாள் பாருங்கள், அவளை நினைத்தால் நமக்கே நெஞ்சு நிமிர்கிறது.

மாற்றல் கடிதம் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை பழைய சட்டம்தான். மழைக்காலத்தில் தங்கராஜுவின் மோட்டார் சைக்கிள் பாதி நாள் கிளம்பாது; சந்திப்பில் தனியாக நனைந்துகொண்டு நிற்பான். கட்டிக்கொள்ளப் போகிறவள் கண்ணாடியை இறக்கி, "பஸ்ஸு பின்னால வருது" என்பாள். "தெரியும் மேடம்" என்று சிரிப்பான்.

கிடங்கு வேலையின் முதல் காலையும் நல்ல மழை. நிறுத்தத்தில் ஒரே ஒரு தலை. கார் நின்றது. தங்கராஜு வழக்கம்போல் பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். தனேஸ்வரி மஞ்சள் தொப்பியை எடுத்துப் பின்சீட்டில் போட்டுவிட்டு, எட்டி முன்கதவைத் திறந்தாள்.